டைனோ மேடையும் வாத்துக் கூட்டமும்

எனக்கு அந்த நடுவர் பதவி கிடைத்ததற்கு ஒரு ஆடுதான் காரணம்.

நான் கால்நடை மருத்துவர். திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் வழியில் ஒரு கிராமத்து மருந்தகத்தில் வேலை. மாடு வந்து என்னைப் பார்ப்பதைவிட நான் போய் மாட்டைப் பார்ப்பதுதான் அதிகம். அதற்கென்று ஐந்நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஊசி, மருந்து, ஐஸ் டப்பா, தோள் வரை ஏறும் கையுறை. வாய்க்கால் கரை, கப்பி ரோடு, உளுந்துச் செடி காயப்போட்ட தார்ச்சாலை என்று ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டராவது ஓடிவிடும்.

அந்த ஆட்டுக்கு வயிற்றில் குட்டி குறுக்கே கிடந்தது. ஆட்டுக்குச் சொந்தக்காரர் கூத்தாநல்லூர்க்காரர். எங்கள் பக்கத்தில் நிலம் வாங்கிப் பண்ணை போட்டிருந்தார். ஒரு மணி நேரம் போராடி இரண்டு குட்டிகளையும் உயிரோடு எடுத்தேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், மனிதர் குட்டிகளை விட்டுவிட்டு என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இத நீங்க தினமுமா ஓட்டுறீங்க?"

"பின்ன? வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மாட்டுக்குக் காய்ச்சல் வருமா?"

அவர் சிரிக்கவில்லை. தேடிக்கொண்டிருந்த சாவி பையிலேயே கிடைத்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டை வரை ஆட்கள் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, எஞ்சினைப் பிரித்துப் பெரிதாக்கி மறுபடி கட்டியவர்களுக்கெல்லாம் ஒரு போட்டி வைப்பார்கள். திருச்சியிலிருந்து லாரியில் டைனோ வரும். வண்டியின் பின் சக்கரத்தை ஓர் உருளை மேல் ஏற்றி முறுக்கினால், எத்தனை குதிரைத்திறன் என்று கணினி சொல்லிவிடும். அதிக எண் வாங்கிய வண்டிக்குக் கோப்பை.

"போன வருஷம் ஜெயிச்ச வண்டி கோப்பையோட கிளம்புச்சுங்க. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நின்னுது. கேட்டு தொறந்துச்சு, வண்டி கிளம்பல. சூடேறிப்போச்சு. கடைசியில குட்டியானை லாரியில ஏத்தித்தான் ஊருக்குக் கொண்டுபோனோம். இன்னும் சிரிக்கிறாங்க."

அதனால் இந்த வருடம் நூறு மார்க்கில் ஐம்பதுதான் டைனோவுக்கு. மீதி ஐம்பது, தினசரி ஓட்டத்துக்கு எந்த எஞ்சின் ஏற்றது என்பதற்கு. அதைத் தீர்மானிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லையாம். சங்கத்தில் எல்லோருமே ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்கள்.

நான் உடனே சரி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக, ஊர்ப்பட்ட பெரிய எஞ்சின்களை ஓட்டிப் பார்க்க யாரோ என்னைக் கெஞ்சிக் கேட்கிறார்கள். யோசிக்கவெல்லாம் எங்கே நேரம்?

அந்த வாரம் முழுக்கக் கேள்வித்தாள் தயாரித்தேன். பத்துக் கேள்வி, கேள்விக்கு ஐந்து மார்க். கடைத்தெருவில் ஆள் நடக்கிற வேகத்தில் முக்காமல் போகிறதா? கேட்டில் பத்து நிமிடம் உறுமிக்கொண்டு நின்றால் சூடு தாங்குமா? வாய்க்கால் கரையில் திருப்ப முடிகிறதா? சாலையோரம் கட்டியிருக்கிற மாடு சத்தத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொள்ளுமா? பின்னால் உட்கார்ந்தவர் இறங்கும்போது இடுப்பைப் பிடிக்கிறாரா? இப்படி ஒன்பது எழுதினேன். பத்தாவதாக, "காலையில் எழுந்ததும் இதை எடுத்துக்கொண்டு கிளம்ப மனசு வருகிறதா?" என்று எழுதினேன். என் கணவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இது வண்டிக்கா, மாப்பிள்ளைக்கா?" என்றார்.

மாசி மாதத்து ஞாயிறு. திருத்துறைப்பூண்டிக்கு வெளியே ஒரு ரைஸ்மில்லின் நெல் களத்தில் போட்டி. சம்பா அறுவடை முடிந்து, அவித்த நெல்லின் வாசனை காற்றில் கனமாக நின்றது. களத்தின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது, மறுபாதியில் டைனோ மேடை. டைனோக்காரர்தான் இன்னொரு நடுவர். திருச்சியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், அறுபது வயதிருக்கும், பேச்சு குறைவு. என் கேள்வித்தாளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார்.

"மெஷின் பொய் சொல்லாது டாக்டர்," என்றார். "மனசுக்கெல்லாம் மார்க் போட்டா அது எங்க போய் நிக்கும்?"

"ஓட்டுறது மனுஷங்கதானேங்க," என்றேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

இறுதிச் சுற்றுக்கு மூன்று வண்டிகள். மூன்றுமே இரட்டை சிலிண்டர், கம்பெனியில் அறுநூற்றைம்பது சி.சி.யாகப் பிறந்து பட்டறையில் வளர்ந்தவை. முதல் வண்டி தஞ்சாவூர் பஸ் முதலாளி ஒருவருடையது. அது ஸ்டார்ட்டே ஆகவில்லை. அவர் முக்கால் மணி நேரம் முயன்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, பிரியாணி எப்பங்க?" என்று கேட்டார். அவருக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது வண்டி கறுப்பு. அதைக் கட்டியவர் குவைத்தில் பன்னிரண்டு வருடம் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளைப் பழுது பார்த்துவிட்டு வந்தவர். சொந்த ஊர் இங்கேயே பக்கத்தில். எஞ்சினை எண்ணூற்றுச் சொச்சம் சி.சி.க்கு உயர்த்தியிருந்தார். டைனோவில் ஏற்றி முறுக்கினார். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் எழுந்தவன் மாதிரி தொண்டையைச் செருமியது. அப்புறம் பாதி வேகம் தாண்டியதும் ஒரு கத்து கத்தியது பாருங்கள், மில் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமும் எழும்பிப் போயின. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நான் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். டைனோக்காரர் என்னைப் பார்த்தார். நடுவர் கை தட்டக்கூடாது என்று அப்போதுதான் ஞாபகம் வந்து உட்கார்ந்தேன். கணினித் திரையில் எண் ஏறி நின்றது. சங்கத்தின் வரலாற்றிலேயே அதிகம் என்றார்கள். ஐம்பதுக்கு ஐம்பது.

மூன்றாவது பச்சை. அதைக் கட்டியது டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் ஒரு கணவன் மனைவி. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவதும் கடைவதும் கணவர்; எஞ்சினை மூட்டி, டைமிங் பார்த்து, காது வைத்துச் சீர் செய்வதெல்லாம் மனைவி. எஞ்சினைக் கொஞ்சம்தான் பெரிதாக்கியிருந்தார்கள். டைனோவில் அது கத்தவில்லை. கீழிருந்து மேல்வரை ஒரே சீராக இழுத்துக்கொண்டு போனது. முப்பத்து நான்கு மார்க். கணவர் முகம் வாடியது. மனைவி திரையில் வந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டி, "பாருங்க, இடுப்பே ஒடியாம போயிருக்கு," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அப்புறம் என் முறை.

பாதையை நானே வகுத்திருந்தேன். மில் வாசலிலிருந்து கடைத்தெரு, ரயில்வே கேட், வாய்க்கால் கரை, வயல்காட்டு ரோடு, கடைசியில் இன்னும் திறப்பு விழா காணாத புறவழிச்சாலை. அந்தச் சாலைக்கு அனுமதி வாங்கி, இரண்டு முனையிலும் கொடியோடு ஆள் நிறுத்தியிருந்தார் செயலாளர். அவர் கார் என் பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நிறுத்தி, மார்க்கைப் பேனாவால் எழுதி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. அதுவும் நானே போட்ட விதிதான்.

பச்சையை முதலில் எடுத்தேன். கிளட்சை விட்டதும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே நகர்ந்தது. கடைத்தெருவில் பூக்காரம்மா, டவுன் பஸ், எதிர்த்திசையில் வந்த ஒரு கட்டில் ஏற்றிய சைக்கிள், எல்லாவற்றுக்கும் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற பெரிய மனுஷர் மாதிரி போனது. கேட்டில் பத்து நிமிடம் நின்றும் முகம் சுளிக்கவில்லை. வாய்க்கால் கரையில் வட்டமடித்தேன். கால் ஊன்ற வேண்டியிருக்கவில்லை. சாலையோரம் கட்டியிருந்த பசு காதை ஆட்டியது, அவ்வளவுதான். புறவழிச்சாலையில் முறுக்கினேன். நூறு வரை சிரித்துக்கொண்டே போனது. அதற்கு மேலும் போனது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு போனது.

நல்ல வண்டி. இறங்கும்போது ஏற்கெனவே தெரிந்த ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

அடுத்தது கறுப்பு.

கடைத்தெருவிலேயே இரண்டு முறை நின்றுவிட்டது. மெதுவாகப் போகச் சொன்னால் அதற்குக் கோபம் வந்தது, உதைத்தது, தும்மியது. கேட்டில் நிற்கும்போது என் வலது தொடைக்கருகில் தோசைக்கல் வைத்த மாதிரி ஒரு சூடு. போன வருடத்துக் கதை ஞாபகம் வந்து, கேட் திறக்கிறவரைக்கும் வெப்பமானி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பித்தோம். வாய்க்கால் கரையில் திருப்பும்போது இரண்டு காலையும் ஊன்றி, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தேன். செயலாளர் காருக்குள் குனிந்து எதையோ தேடுவது மாதிரி பாவனை செய்தார். நல்ல மனிதர்.

வயல்காட்டு ரோட்டில் வாத்து மேய்ப்பவர்கள் வந்துவிட்டார்கள். அறுவடை முடிந்த வயலுக்குச் சிந்திய நெல் பொறுக்க ஓட்டிப்போகிற கூட்டம்; ஆயிரம் வாத்தாவது இருக்கும். ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தன. நான் முதல் கியரில் பின்னால் ஊர்ந்தேன். வண்டி ஊர மறுத்தது. திணறியது, குலுங்கியது, அப்படியே வாத்துகளுக்கு நட்டநடுவில் நின்றுவிட்டது. சுற்றிலும் குவாக் குவாக் என்று ஒரே சத்தம். ஒரு வாத்து என் பூட்ஸ் நாடாவைப் பிடித்து இழுத்தது. சங்கத்தின் வரலாற்றிலேயே அதிகக் குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் மேல் நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், ஆயிரம் வாத்துகள் என்னைத் தாண்டிப் போகின்றன.

வாத்துக்காரர் கோலைத் தோளில் போட்டபடி நின்று, "தள்ளி உடவாங்க?" என்று கேட்டார்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி பனிமூட்டம் போட்டுவிட்டது. செயலாளர் காரை விட்டு இறங்கி வந்தார், அவரும் சிரித்தார். அந்தக் கட்டத்துக்கு ஐந்துக்கு ஒன்று போட்டேன். அந்த ஒன்றும், வாத்துகளை அது பயமுறுத்தவில்லை என்பதற்காக.

பிறகு புறவழிச்சாலை.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்றாவது கியரில் முறுக்கினேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அடுத்த நொடி, யாரோ பின்னாலிருந்து முதுகில் இரண்டு கையையும் வைத்து வானத்துக்குத் தள்ளிய மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டுகள் மஞ்சள் கோடாகி ஓடின. நான் ஊளையிட்டேன். படித்த, அரசாங்கச் சம்பளம் வாங்குகிற, மாடுகளை அமைதிப்படுத்துகிற பெண்ணான நான் வாய்விட்டு ஊளையிட்டேன். அந்த முனையில் கொடி பிடித்திருந்தவர் பயந்துபோய்க் கொடியை வீசு வீசென்று வீசினார். நிறுத்தியபோது வாய் மூடவில்லை. திரும்பி இன்னொருமுறை ஓட்டினேன். விதிப்படி ஒருமுறைதான். செயலாளர் மறுபடியும் காருக்குள் எதையோ தேடினார்.

பாக்கியிருந்தது பின்னிருக்கைச் சோதனை. வண்டி கட்டியவரின் வீட்டு ஆளே பின்னால் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தேன். பச்சைக்கு அந்தக் கணவரே உட்கார்ந்து வந்து, "தூக்கம் வந்துருச்சுங்க," என்றிருந்தார். கறுப்புக்கு யாரென்று கேட்டபோது குவைத்துக்காரர் தயங்கினார். அவர் மனைவி சுடிதாரில், கைகட்டி, களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். புருஷன் வெளிநாட்டிலிருந்த பன்னிரண்டு வருடமும் ஏழு ஏக்கர் சாகுபடியைத் தனியாளாகப் பார்த்தவர். அந்த எஞ்சின் எட்டு மாதமாக அவர் வீட்டுக் கூடத்தில் பிரிந்து கிடந்ததாம். இட்லிப் பானை கழுவுகிற பொடியால்தான் அதன் மூடியைத் துலக்கினார்களாம்.

"நான் வரலங்க அக்கா. இதப் பாத்தாலே எனக்கு எரியும்," என்றார்.

"மார்க் இருக்கு இதுல. வாங்க, மெதுவாத்தான் போவேன்."

செயலாளரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைச் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டு ஏறினார். என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. புறவழிச்சாலையில் ஐம்பதில் போனேன். அறுபது. எழுபது.

"அக்கா," என்று காதருகில் குரல் வந்தது.

"நிறுத்தவா?"

"இவ்வளவுதானா இது?"

நான் முறுக்கினேன்.

அவர் போட்ட கூச்சலில் எஞ்சின் சத்தம் அமுங்கிப்போனது. முதலில் பயம் என்று நினைத்தேன். பிறகு கேட்டேன்: சிரிப்பு. வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, மூச்சு வாங்கி வாங்கி. என் தோளிலிருந்து ஒரு கையை எடுத்துக் காற்றில் விட்டார். சாலை முடிகிற இடத்தில் நிறுத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எட்டு மாசமா கூடத்துல இதத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன் அக்கா. ஒரு நாளாவது உக்காருன்னாரா பாருங்க."

"இடுப்பு வலிக்குதா?" என்று கேட்டேன். கேள்வித்தாளில் இருந்தது.

"வலிக்குது. இன்னொரு ரவுண்டு போலாம்."

களத்துக்குத் திரும்பியதும் அவர் நேராகக் கணவரிடம் போனார். எல்லோர் முன்னிலையிலும், "ஏங்க, என்னை ஏன் இத்தனை நாள் ஏத்தல?" என்று கேட்டார். எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்த மனிதர், "நீதான் திட்டுவியே," என்றார். "திட்டுனா? ஏத்தக் கூடாதா?" சங்கமே ஓவென்று சிரித்தது.

ஒன்பது கேள்விக்கும் மார்க் எழுதியாகிவிட்டது. டைனோ மார்க்கையும் சேர்த்துச் செயலாளர் என்னிடம் மெல்லச் சொன்னார். பச்சை எழுபத்தாறு, கறுப்பு எழுபத்து மூன்று. பத்தாவது கேள்வி மட்டும் பாக்கி. காலையில் எழுந்ததும் எடுக்க மனசு வருகிறதா?

பேனாவை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கறுப்புக்கு ஐந்து. அதில் சந்தேகமே இல்லை. அந்த நிமிஷமே சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. பச்சைக்கு ஒன்று போட்டால் கறுப்புக்குக் கோப்பை. என் கை அந்த ஒன்றை எழுத எவ்வளவு ஆசைப்பட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. பிறகு திங்கட்கிழமை காலையை நினைத்துப் பார்த்தேன். பனி, வழுக்குகிற கரை, பெட்டியில் தடுப்பூசி, ஏழு மணிக்கே வாசலில் மாட்டோடு காத்திருக்கிற ஆட்கள். பச்சை வாசலில் நின்றால் நான் முனகாமல் ஏறுவேன். பாட்டுக்கூடப் பாடுவேன். நான்கு போட்டேன்.

எண்பது, எழுபத்தெட்டு. பச்சைக்குக் கோப்பை.

முடிவைச் சொல்ல என்னை மேடையேற்றினார்கள். பேச ஒன்றும் தயாரிக்கவில்லை. "பச்சை வண்டி தினமும் ஓட்ட நல்ல வண்டி, ஜெயிச்சுது, நியாயம்தான்," என்றேன். "ஆனா நான் இன்னிக்கு ஊளையிட்டது கறுப்பு வண்டியிலதான். அதுக்குக் கேள்வித்தாள்ல எடம் வைக்காதது என் தப்பு." கூட்டம் விசிலடித்தது. பச்சைக்காரர் கோப்பையை வாங்கி மனைவி கையில் கொடுத்தார். அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேரே கறுப்பு வண்டியிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கேம் ஷாஃப்ட்ட மாத்துங்கண்ணே," என்றார் குவைத்துக்காரரிடம். "மேல இருக்குற பலத்துல பத்துப் பங்குல ஒரு பங்கு விட்டுக்குடுங்க. கீழ இழுவை வந்துரும். வாத்துக்கெல்லாம் வழி விடும்."

"கத்துறது போயிடுமா?"

"போவாது. நான் கேட்டுக்கிட்டே செய்யிறேன்."

டைனோக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியில் சாமான் ஏற்றுகிற நேரத்தில் என்னிடம் வந்து, தொண்டையைச் செருமி, அந்தக் கறுப்பு வண்டியைக் களத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். வண்டி ஓட்டி இருபது வருடம் ஆகிறதாம், அளந்ததோடு சரி. காய்ந்துகொண்டிருந்த நெல்லைச் சுற்றி ஒரு வட்டம் போனார். இரண்டாவது வட்டமும் போனார். மூன்றாவது வட்டத்தில் மில் மேஸ்திரி ஓடிவந்து நெல் பறக்கிறது என்று கத்த வேண்டியதாயிற்று.

குவைத்துக்காரர் சாயங்காலம் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் ஊருக்குக் கிளம்பினார். கடைத்தெருவில் வண்டி ஒருமுறை நின்றதாம். இறங்கித் தள்ளியது அவர் மனைவிதானாம், தள்ளும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நான் என் பழைய ஐந்நூறில் வீட்டுக்குப் போனேன். மறுநாள் தடுப்பூசி முகாம். அதற்கடுத்த நாள் என் வண்டியை டிராக்டர் பட்டறைக்கு ஓட்டிப்போய் நிறுத்தினேன். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கு டாக்டரம்மா. என்ன செய்யணும்?"

"கொஞ்சூண்டு கத்தணும்," என்றேன். "மாடு மிரளாத அளவுக்கு."

அவர் ஸ்பேனரை எடுத்தார்.